கொடுமணலுக்கு ஒரு யாத்திரை

கொங்கு நாட்டில் யாத்திரை புறப்படுகிறோம் என்று சொன்னால், "பழனியா, பேரூரா, வெள்ளியங்கிரியா?" என்றுதான் கேட்பார்கள். "கொடுமணல்" என்று நாம் சொன்னதும் வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள். "அங்கே என்ன ஸ்வாமி?" என்று பாட்டி கேட்டாள். ஸ்வாமியைத் தரிசிக்கப் போகவில்லை, மண்ணைத் தரிசிக்கப் போகிறோம் என்று பதில் சொன்னோம். பாட்டிக்கு அந்தப் பதில் அவ்வளவாக ரசிக்கவில்லை. ஆனாலும் புளியஞ்சோறு கட்டிக் கொடுக்கத் தவறவில்லை.

கொடுமணல் என்பது நொய்யல் நதியின் வடகரையில், சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர். முன் நாட்களில் அது கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1979-இல் ஈரோடு தனி ஜில்லாவாகப் பிரிந்தபோது அந்தப் பக்கம் போயிற்று. 2009-இல் திருப்பூரும் தனி ஜில்லா ஆயிற்று. ஜில்லாக்கள் பெருகுவதில் நமக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் நொய்யலின் நிலைமையை யோசிக்க வேண்டும். வெள்ளியங்கிரி மலைச் சாரலில் பிறந்த அந்த நதி, கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் என்ற நான்கு ஜில்லாக்களைத் தொட்டுக்கொண்டு, கடைசியில் தன் பெயரையே கொண்ட நொய்யல் என்னும் ஊருக்கு அருகே காவேரியில் கலக்கிறது. பேரூர்ப் புராணம் இதைக் காஞ்சி மாநதி என்று கொண்டாடுகிறது. நான்கு வீட்டாருக்குப் பொதுவான மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார் என்ற வழக்கு எப்போதும் தீருவதில்லை அல்லவா? இந்த நதியின் கதையும் ஏறக்குறைய அதுதான்.

நமக்குத் துணையாகத் திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் வந்தார். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். மிகவும் உற்சாகமான பேர்வழி. ரயிலில் ஏறி உட்கார்ந்தவுடனேயே, திருப்பூர் ஒரு வாரம் வேலை நிறுத்தம் செய்தால் ஐரோப்பாக் கண்டத்தில் பாதிப் பேர் சட்டையில்லாமல் நிற்பார்கள் என்று ஆரம்பித்துவிட்டார். பெருமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அடியோடு பொய் என்று சொல்வதற்கில்லை. இந்தியாவிலிருந்து கப்பலேறும் பின்னலாடையில் பெரும் பகுதி அந்த ஒரே ஊரிலிருந்து போகிறது. அன்று நாம் அணிந்திருந்த பனியனும் திருப்பூர்ச் சரக்குத்தான். இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது. பின்னால் நாம் எழுதப் போவதைப் படித்துவிட்டு, "இவர் மட்டும் என்ன, மரவுரியா தரித்திருக்கிறார்?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஈரோட்டில் இறங்கிச் சென்னிமலைக்குப் பஸ் ஏறினோம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி வழியாக வந்தால் சுருக்கமான வழி. ஆயினும் சென்னிமலையைப் பார்க்காமல் போக மனம் வரவில்லை. மலைமேல் முருகன் கோயில்; அடிவாரத்தில் தெருத் தெருவாகத் தறிச் சத்தம். போர்வைக்கும் ஜமக்காளத்துக்கும் பெயர் போன ஊர். கொடி காத்த குமரன் 1904-இல் பிறந்ததும் இங்கேதான். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்பைத் தேடித் திருப்பூருக்குப் போன அந்த வாலிபர், 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அங்கே நடந்த ஊர்வலத்தில் தடியடி பட்டுக் கீழே விழுந்தார். கையிலிருந்த கொடியை மட்டும் விடவில்லை. 11-ஆம் தேதி உயிர் நீத்தார். அந்நாளில் திருப்பூர் என்றால் கதர்தான் ஞாபகத்துக்கு வரும். தேசமெங்கும் கட்டிய கதரில் திருப்பூர்க் கதருக்குத் தனி மதிப்பு இருந்தது. "அப்போதும் துணி, இப்போதும் துணி" என்றார் நண்பர், குமரன் பிறந்த ஊரின் தறிச் சத்தத்தைக் கேட்டபடி. அந்த வார்த்தை எவ்வளவு பழைமையானது என்று அவருக்கு அப்போது தெரியாது. கொடுமணலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

சென்னிமலையிலிருந்து மேற்கே போகும் வழியை மட்டும் பார்ப்பதற்காகவே ஒருவர் இந்தப் பக்கம் வரலாம். காவேரிக் கரையில் வளர்ந்தவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள். பசேலென்ற வயல் கிடையாது, வாய்க்கால் கிடையாது, செம்மண்ணும் சரளையும்தான். கொஞ்ச தூரம் போனால் கண் பழகிவிடும். அதன் பிறகு இந்த வறண்ட பூமியை மனிதன் எவ்வளவு சாமர்த்தியமாக ஆண்டிருக்கிறான் என்பது விளங்கும். இங்கே மேய்ச்சல் நிலத்துக்குக் கொறங்காடு என்று பெயர். நாலு பக்கமும் கிளுவை முள்வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே குடை பிடித்தாற்போல வெள்வேல மரம். புல் மாட்டுக்கும் செம்மறிக்கும், வேல மரத்தின் நெற்று ஆட்டுக்கு, வேலி எல்லோருக்கும். ஒரு துளித் தண்ணீர் பாய்ச்சாமல், மழையை மட்டும் நம்பி, தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் ஏற்பாடு இது. காங்கேயம் காளை என்று உலகம் புகழ்கிறதே, அது இந்தப் புல்லைத் தின்றுதான் வளர்கிறது. கன்றாக இருக்கும்போது செவலை நிறம். சில மாதம் கழிந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறி, காளையானால் திமிலும் கழுத்தும் கறுத்துவிடும். இரண்டு வேலிகளுக்கு நடுவே வண்டித் தடமாகப் போகும் சந்துக்கு இட்டேரி என்று பெயர். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே சக்கரம் உருளுகிற சத்தம் கேட்பது போல நமக்குத் தோன்றுகிறது.

ஊர்களின் அமைப்பும் தனி மாதிரி. தஞ்சைப் பக்கத்தைப் போல நூறு வீடுகள் ஒன்றோடொன்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஐந்து வீடு ஒரு வலசு. பத்து வீடு ஒரு பாளையம். ஒற்றை வீடு ஒரு தோட்டம். அவரவர் கிணற்றை ஒட்டி அவரவர் வீடு. ஆகவே இங்கே கிணறு கெட்டால் குடும்பம் கெட்டது என்று அர்த்தம். இதை நேயர்கள் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடுமணலை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஊரைப் பார்த்ததும், "இதற்கா இவ்வளவு தூரம்?" என்று நண்பர் கண்ணாலேயே கேட்டார். வாஸ்தவந்தான். ஓட்டு வீடுகள், மாட்டுக் கொட்டகைகள், ஒரு வேப்ப மரம், அதன் அடியில் இரண்டு பெரியவர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து வந்து, "ஏனுங்க, கல்லுப் பாக்க வந்தீங்களா?" என்றார். ஆம் என்றோம். "வாங்க, வாங்க. மொதல்ல மோரு குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று வீட்டு ஆசாரத்துக்கு அழைத்துப் போய்க் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். எந்த ஊர், என்ன ஜாதகம் என்றெல்லாம் விசாரிப்பது மோர் உள்ளே போன பிற்பாடுதான். கொங்கு நாட்டு உபசாரத்துக்கு இந்த ஒழுங்கு உண்டு.

பிறகு பெரியவரே எங்களைக் காட்டு வழியாக நடத்திச் சென்றார். மேடும் பள்ளமுமான நிலம். பயிர் வைத்த காடுகளுக்கு இடையே வட்ட வட்டமாகக் கற்கள் நட்டிருந்தன. சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒற்றைக் கல் நின்றது. கல் வட்டங்களுக்கு அடியில் பலகைக் கற்களால் அமைத்த அறைகள். அவற்றின் ஒரு பக்கப் பலகையில் ஒரு துவாரம். பாண்டியன் குழி என்று இவற்றைக் கொங்கு ஜனங்கள் சொல்வதுண்டு. பாண்டிய ராஜாக்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. இவை ஈமக் குழிகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் பெரியோர்களை அடக்கம் செய்த இடங்கள்.

பதிற்றுப்பத்தில் 67-ஆம் பாட்டிலும் 74-ஆம் பாட்டிலும் கொடுமணம் என்ற ஊரின் பெயர் வருகிறது. முதலாவது கபிலர் வாக்கு. மற்றது அரிசில்கிழார் வாக்கு. அணிகலன் செய்வதற்குப் பேர் போன ஊர் என்பது அவர்கள் தரும் செய்தி. உ. வே. சாமிநாதையர் அவர்கள் அந்நூலை 1904-இல் அச்சிட்டார்கள். பக்கத்துச் சென்னிமலையில் குமரன் பிறந்த அதே வருஷம்! ஆனால் பாட்டில் வரும் கொடுமணம் இந்தக் கொடுமணல்தான் என்பதை மண்ணைத் தோண்டித்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1961-இல் மத்திய தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த வி. என். ஸ்ரீநிவாச தேசிகன் இந்த இடத்தைக் கண்டு சொன்னார். 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோரின் மேற்பார்வையில் அகழ்ந்து பார்த்தார்கள். பின்னர் 2012-13-இல் புதுச்சேரிப் பல்கலைக் கழகமும், அதற்குப் பிறகு ராஜ்ய தொல்லியல் துறையும் தோண்டின.

கிடைத்தவை என்ன? பொற்குவியலா, சிம்மாசனமா? இல்லை. தொழிற்சாலை! ஆம், ஒரு பெரிய தொழிற்சாலையின் குப்பைமேடுதான் இந்த ஊர். பாதி அறுத்த கல், பாதி தேய்த்த மணி, துளையிடும்போது உடைந்துபோன மணி, இப்படியே ஆயிரக் கணக்கில். வேறு ஊரில் செய்து இங்கே விற்றிருந்தால் முழு மணி மட்டுமே கிடைக்கும். அரைகுறை மணி கிடைக்கிறபடியால் வேலை நடந்தது இங்கேதான் என்று ஆராய்ச்சியாளர் முடிவு கட்டினார்கள். தவறிய சரக்கே தொழிலுக்குச் சாட்சி! கடல் வண்ணப் பச்சைக்கல் தெற்கே படியூரிலிருந்து வந்தது. நீலக்கல் சிவன்மலைப் பக்கத்திலிருந்து. பளிங்கு வெங்கமேடு, அரசம்பாளையம் பக்கங்களிலிருந்து. சூதுபவளம் மேற்கு இந்தியாவிலிருந்தும், லாபிஸ் லஜூலி என்ற கருநீலக் கல் ஆப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்தும் வந்து சேர்ந்தன. ஒரே ஈமக் குழியில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணிக் கற்கள் பதித்த சிறு புலி உருவம் ஒன்றும் இங்கே கிடைத்தது.

இரும்பும் இங்கே உருகியது. சென்னிமலைப் பக்கத்துத் தாதுவைக் கொண்டுவந்து, துருத்தி ஊதும் மண் குழல்கள் வைத்த உலைகளில் காய்ச்சி, மூசைகளில் எஃகும் செய்தார்கள். பச்சைக்கல் இந்தியாவிலல்லாமல் வேறெங்கும் அருமையாகவே அகப்படுகிறது என்று ரோமாபுரியில் பிளினி எழுதி வைத்தார். மேல் கடற்கரை முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக, நொய்யல் கரையைப் பிடித்துக்கொண்டு கருவூருக்குப் போன வர்த்தகப் பாதையில்தான் கொடுமணல் இருக்கிறது. அதே பாதையில் வெள்ளலூரில் குடம் குடமாக ரோம நாணயங்கள் அகப்பட்டிருக்கின்றன.

இவையெல்லாம் அரசர் பெருமை அல்ல. நம்மை அதிகமாகக் கவர்ந்தது பானை ஓடுகள்தான். நூற்றுக் கணக்கான ஓடுகளில் பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. கண்ணன் ஆதன், சம்பன் சுமணன் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள். தன் சோற்றுப் பானையில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளத் தெரிந்த ஜனங்கள்! கரியை ஆராய்ந்து காலம் கணிக்கும் முறைப்படி, இந்த ஊரின் வாழ்வு கி.மு. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கி, கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் வரை நீண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நம் நண்பருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இங்கே கிடைத்த பொருள்களில் சுட்ட மண்ணால் செய்த தக்ளி வில்லைகளும் உண்டு என்று நாம் சொன்னோம். அதாவது நூல் நூற்கும் கதிரில் கோக்கும் வட்டமான சில்லுகள். நண்பர் நின்றுவிட்டார். "அப்படியானால் எங்கள் தொழில் இரண்டாயிரம் வருஷத்துத் தொழிலா?" என்றார். அவர் முகத்தில் ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்த்து நமக்கும் சந்தோஷமாயிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் மாத்திரம் சிரிக்கவில்லை.

"நீங்க திருப்பூருங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"சாயப் பட்டறையிலீங்களா?"

"இல்லை, பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்" என்றார் நண்பர், சற்று அவசரமாக.

"அப்பச் சரிங்க. வாங்க, டேமைப் பாத்துப்போட்டு வரலாம்" என்று பெரியவர் கிழக்கே திரும்பினார்.

கொடுமணலுக்குக் கிழக்கே நொய்யலின் குறுக்கே நிற்பது ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் திறந்தார்கள். உயரம் 40 அடி. 61 கோடியே 60 லக்ஷம் கன அடி நீர் கொள்ளும். ஈரோடு, கரூர் ஜில்லாக்களில் பதினாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் நடக்கும் என்று திட்டம். மேட்டுக் காட்டில் கம்பும் சோளமும் விதைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவர்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு இனித்திருக்கும்! நிலத்தை விட்டுக் கொடுத்தவர்கள்கூட, தண்ணீர் வருகிறதே என்று தேற்றிக்கொண்டார்களாம். "டேமு ரொம்புன அன்னைக்குப் பொங்கலு வெச்சோமுங்க" என்றார் பெரியவர்.

தண்ணீர் வந்தது. ஆனால் மழைத் தண்ணீர் மட்டும் வரவில்லை.

மேலே திருப்பூரில் அந்த வருஷங்களில்தான் ஏற்றுமதி வியாபாரம் காட்டாற்று வெள்ளம்போலப் பெருகிற்று. வெள்ளைப் பனியன் நெய்த ஊர், கலர்ச் சட்டை நெய்யும் ஊராயிற்று. நூற்றுக் கணக்கில் சாயப் பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் எழுந்தன. அவற்றின் கழிவு முழுவதும் நொய்யலில் இறங்கியது. அணை எதைத் தேக்கும்? மேலிருந்து வருவதைத்தான் தேக்கும். பாசனத்துக்கென்று கட்டிய நீர்த்தேக்கம் சாயத் தொட்டியாக மாறியது.

சாயத் தண்ணீர் என்றால் நிறந்தான் கெடுதல் என்று நாம் நினைத்திருந்தோம். நண்பர் தொழில் நுட்பம் தெரிந்தவரானபடியால், அணைக்கரையில் உட்கார்ந்து மெதுவாக விளக்கினார். பருத்தி நூலில் சாயம் தானாக ஏறாது. தொட்டியில் ஏராளமாக உப்பைக் கொட்ட வேண்டும். உப்புத்தான் சாயத்தை நூலுக்குள் தள்ளும். வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும் பகுதி துணியோடு போய்விடும். உப்பு துணியோடு போகாது. ஒரு குன்றிமணி அளவுகூடக் குறையாமல் தண்ணீரிலேயே நிற்கும். கழிவு நீரைச் சுண்ணாம்பு போட்டுத் தெளிய வைத்தால் நிறம் போய்விடும். பார்ப்பதற்குப் பளிங்குபோல இருக்கும். உப்பு மட்டும் போகாது. "கண்ணுக்குத் தெரிந்த குற்றத்தை நீக்கினோம். கண்ணுக்குத் தெரியாததை ஆற்றில் விட்டோம்" என்றார். "விட்டோம்" என்று அவர் சொன்னதை நாம் கவனித்தோம். காலையில் ரயிலில் பேசிய உற்சாகம் அந்தக் குரலில் இல்லை.

அந்த உப்பு மண்ணுக்குள் இறங்கியது. மண் இறுகிற்று, விதை முளைக்கவில்லை, தென்னையில் காய் சிறுத்தது. பிறகு கிணற்றில் இறங்கியது. கிணற்றை ஒட்டி வீடு என்று முன்னே சொன்னோமே, அந்த வீடுகளின் கதி என்னவாயிருக்கும்! கொடுமணல், ஒரத்துப்பாளையம், தம்மரெட்டிபாளையம் என்று கரையோரத்து ஊர்களில் கால்நடைகள்கூடக் கிணற்று நீரில் வாய் வைக்க மறுத்தன. அணைக்குக் கீழே கரூர்ப் பக்கத்துப் பாசனக்காரர்களின் நிலைமை இன்னும் விசித்திரம். எந்த அணைத் தண்ணீருக்காக அவர்கள் காத்திருந்தார்களோ, அதைத் திறந்துவிட வேண்டாம் என்று அவர்களே கும்பிட்டுக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அணை கட்டினால் தண்ணீர் கேட்டு வழக்குப் போடுவதைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று வழக்குப் போட்ட குடியானவர்கள் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டா?

வழக்கு நீண்ட காலம் நடந்தது. சூழல் நஷ்டத்தை மதிப்பிடுவதற்கென்று நியமிக்கப்பட்ட அதிகார சபை, 68 கிராமங்களில் 28 ஆயிரத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்று 2004-இல் தீர்மானித்தது. 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, பட்டறைகளிலிருந்து ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றில் விழக் கூடாது என்ற நிலைக்கு வந்து சேர வேண்டும் என்று கெடு வைத்தது. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. கெடு தாண்டியும் காரியம் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28-ஆம் தேதி, எழுநூறுக்கு மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடிவிடும்படி ஹைகோர்ட்டு உத்தரவு போட்டது.

அப்போது திருப்பூர் பட்ட பாட்டை நண்பர் சொன்னார். ஆயிரக் கணக்கான தொழிலாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றார்கள். அவர்களும் ஏழைகள்தான். அவர்களில் யாரும் நொய்யலைக் கெடுக்க வேண்டுமென்று சங்கற்பம் செய்துகொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் அல்ல. பின்னர் சவ்வுகளின் வழியாக நீரை வடித்தும், மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கியும், நீரையும் உப்பையும் மீட்டு மறுபடியும் தொட்டிக்கே கொண்டுபோகும் யந்திரங்களை நிறுவிய பிற்பாடு, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலவு அதிகம், மின்சாரமும் நிறையச் சாப்பிடும். ஆனால் முடியும் என்று தெரிந்துவிட்டது. முடியும் என்றால், முன்பே ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை நாம் நண்பரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மலிவான சட்டை என்று உலகம் வாங்கிற்றே, அந்த மலிவில் ஒரு பங்கை ஒரத்துப்பாளையத்துக் குடியானவன் தன் கிணற்றைக் கொடுத்து ஈடு செய்திருக்கிறான். பில்லில் அவன் பெயர் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். சட்டை வாங்கிய உலகத்தில் நம் வீடும் ஒன்று.

தெற்கே சிவன்மலை முருகன் கோயிலில் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் தோன்றி எந்தப் பொருளை வைக்கச் சொல்கிறாரோ, அந்தப் பொருளைப் பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்ததும் அதில் வைத்துப் பூஜை செய்வார்கள். அந்தப் பொருள் நாட்டு நடப்பில் முக்கியமாகும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ஒரு சொம்பு நொய்யல் தண்ணீரை வைக்கும்படி யார் கனவிலாவது ஆண்டவர் 1990-ஆம் வருஷமே உத்தரவிட்டிருக்கக் கூடாதா என்று நமக்குத் தோன்றிற்று.

பொழுது சாயும் சமயத்தில் பெரியவரின் தோட்டத்துக்கு வந்தோம். அவருடைய வீட்டு அம்மாள் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்து, "குடிங்க சாமி, பயப்படாதீங்க. இது பைப்புத் தண்ணி" என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தண்ணீரின் ஜாதகத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருப்பது அந்த அம்மாளுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

நண்பர் செம்பைக் கையில் வாங்கவில்லை. "கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்" என்றார்.

"அது வேண்டாமுங்க" என்றாள் அம்மாள்.

"ஒரு வாய் மட்டும்."

பெரியவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து வந்தார். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நண்பர் ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். அவர் கண்கள் சுருங்கின. துப்பிவிடுவார் என்று நாம் நினைத்தோம். துப்பவில்லை, விழுங்கினார்.

"பத்து வருசத்துக்கு முந்தி இதக் காட்டியும் மோசமுங்க" என்றார் பெரியவர், ஏதோ ஆறுதல் சொல்வதுபோல. "ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சங் கொஞ்சமாக் கழுவுது. மூணு வருசமாச் சோளத்தட்டு முளைக்குதுங்க. வெங்காயம் போட்டுப் பாத்தேன், வரல. இன்னொரு மழை போகட்டும்."

கொறங்காட்டில் இரண்டு எருமைகளும் ஒரு காங்கேயம் பசுவும் மேய்ந்துகொண்டிருந்தன. ஆற்று நீர் வேண்டாத, கிணற்று நீர் வேண்டாத அந்தப் பழைய மேய்ச்சல் காடுதான் மோசமான வருஷங்களில் இந்தக் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறது. மேட்டு மண்ணில் உப்பு ஏறவில்லை. மழையை மட்டும் நம்பிய புல், மழை வந்தபோதெல்லாம் முளைத்தது.

இட்டேரியின் கோடியில் ஹாரன் சத்தம் கேட்டது. திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஒன்றின் பஸ். காலையில் சுற்று வட்டத்துப் பாளையங்களிலும் வலசுகளிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், இரவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும் பஸ். ஏழெட்டுப் பெண்களும் மூன்று வாலிபர்களும் சாப்பாட்டுத் தூக்குகளோடு இறங்கினார்கள். அவர்களில் ஒரு வாலிபன் நேரே தோட்டத்துக்கு வந்து, பெரியவரிடம் சம்பளக் கவரைக் கொடுத்தான்.

"பேரனுங்க" என்றார் பெரியவர். "அங்கதான் கட்டிங் மாஸ்டருக்குக் கையாளா இருக்கறான். வெள்ளாமை இல்லாதப்ப இவந்தான் ஊட்டைப் பாத்தான்."

நண்பர் அந்தப் பையனிடம் கம்பெனி எது, சம்பளம் எவ்வளவு, ஓவர் டைம் உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பையன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பாட்டி கொடுத்த புளியஞ்சோறு அப்படியே இருந்தது. அதைப் பிரித்து அந்த வீட்டு அம்மாள் வைத்த கொள்ளுப் பருப்போடு எல்லோருமாகச் சாப்பிட்டோம்.

பஸ் திருப்பூருக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பையன் டிரைவரிடம் சொல்லி எங்களை ஏற்றிவிட்டான். வண்டி நகர்ந்தபோது பெரியவர் ஜன்னலருகே ஓடி வந்து, நண்பரின் கையில் எதையோ வைத்து மூடினார். "போன மழைக்குக் காட்டுல கெடந்துதுங்க. ஆபீஸருங்ககிட்டக் குடுக்கோணும்னு வெச்சிருந்தேன். ஈரோட்டுல மியூசியம் இருக்காமா. நீங்க போற வழியில குடுத்துருங்க" என்றார்.

ஊத்துக்குளி வெளிச்சம் தெரியும் வரையில் நண்பர் கையைத் திறக்கவில்லை. திறந்தபோது நாமும் பார்த்தோம். கடலை அளவு சிவப்பு மணி. துளை ஒரு பக்கத்திலிருந்து பாதி தூரம் போய், அங்கேயே நின்றிருந்தது. மறு வாரம் நண்பர் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஈரோட்டுக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு வந்தார்.